ஒரகடம் சாலைக்கு எந்தச் சக்கரம்?

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும், வண்டலூரிலிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத் வரைக்கும், கிழக்கு வெளுப்பதற்கு முன்பே சைக்கிளை எடுத்துவிடும் நண்பர்களுக்கு,



சில மாதங்களாக நம் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றுகிறது. வல்லக்கோட்டைப் பக்கம் டீக்கடையில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு நிற்கும்போதும் அதுதான், வாட்ஸ்அப்பிலும் அதுதான். கார்பன் வீல் போடலாமா? போட்டால் ரிம் ஆழம் ஐம்பதா, அறுபதா? பதில் சொல்பவர்களில் பலர் ஐரோப்பியப் பந்தயங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். அங்கே சாலையை மூடிவிடுகிறார்கள். மாற்றுச் சக்கரத்தோடு பின்னாலேயே கார் வருகிறது. நமக்குக் கிடைத்திருப்பது மாநில நெடுஞ்சாலை 57. கார்களை அடுக்கிய டிரெய்லர்களும், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களும், ஷிப்ட் ஆட்களை ஏற்றிய கம்பெனி பஸ்களும் ஓடும் சாலை அது. அந்தச் சாலையை மனதில் வைத்து ஒரு பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் வாகன உதிரிபாகங்களின் தரச் சோதனையில் வேலை பார்ப்பவன். ஞாயிறுகளில் உங்களோடு ஓட்டுகிறேன். நண்பர்களின் சக்கரங்களுக்கு ஸ்போக் கட்டி, கோட்டம் எடுத்துக் கொடுக்கிறேன். உங்களில் பலரும் இந்தத் தொழிற்பட்டையில்தான் வேலை செய்கிறீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ் என்று ஓடுகிற பொருளையே செய்யும் ஊர் இது. ஒரு போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டரில் முறுக்க வேண்டும், ஒரு கேஜுக்குக் காலிபரேஷன் தேதி எப்போது முடிகிறது என்று தெரிந்தவர்கள் நீங்கள். பார்சலில் வந்த சக்கரத்தைப் பிரித்து, அன்று மாலையே மாட்டி, மறுநாள் காலை 40 கிலோமீட்டர் வேகத்தில் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டுகிறீர்களே, அதைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பதறுகிறது. வேலையில் காட்டும் கவனத்தை உங்கள் உடம்பைச் சுமக்கும் சக்கரத்திலும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அது தரும் பயன். ஆழமான கார்பன் ரிம் காற்றை நன்றாக வெட்டுகிறது, அதில் சந்தேகமில்லை. நம் ஊர்ச் சூட்டில், நடுத்தர உடம்புள்ள ஒருவர் தனியாக மணிக்கு 30 கி.மீ. போக, காற்றை மட்டும் தள்ளுவதற்கு ஏறத்தாழ 105 வாட் செலவழிக்கிறார். அதே ஆள் 40 கி.மீ. போக 250 வாட் வேண்டும். வேகத்தின் முப்படிக்கு ஏற்பத் தேவை ஏறுவதால் இப்படி. இந்த மொத்த எதிர்ப்பில் இரண்டு சக்கரங்களின் பங்கு பத்தில் ஒன்று, சில நேரம் கொஞ்சம் கூடுதல். மீதியெல்லாம் உங்கள் உடம்பும் வண்டியும்தான். ஆகவே, சாதாரண அலுமினிய ரிம்மிலிருந்து 50 மி.மீ. கார்பனுக்கு மாறினால் 40 கி.மீ. வேகத்தில் பத்து வாட் அளவுக்கு மிச்சமாகலாம், 30 கி.மீ. வேகத்தில் சில வாட்தான். முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் காற்று எதிர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்தினாலும் சக்கரம் தருவதைவிட அதிகம் கிடைக்கும்.

எடையைப் பற்றி நிறையப் பேசுகிறீர்கள். ஒரு ஜோடிக்கு 400 கிராம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால் அது அரை சதவீதம். ஏலகிரியில் ஒரு மணி நேரம் ஏறுகிறவருக்கு 18 விநாடி மிச்சம். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். சீரான வேகத்தில் ஓடும் சமதளத்தில் எடைக்கு வேலையே இல்லை.

இனிக் காற்று. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த இடத்துக்கென்றே உள்ள விஷயம் இது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலை ஏறத்தாழத் தெற்கு வடக்காகப் போகிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலை கிழக்கு மேற்கு. ஆனி ஆடியில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று எழும்பும்போது, வாலாஜாபாத் சாலையில் அது நெஞ்சுக்கு நேரே வரும், இல்லாவிட்டால் முதுகைத் தள்ளும். களைப்பாக இருக்கும், ஆபத்து குறைவு. ஒரகடத்தில் திரும்பி 57-இல் ஏறியதும் அதே காற்று பக்கவாட்டில் அறைகிறது. இருபுறமும் ஏரியும் சிப்காட்டின் வெற்று மனைகளுமாகக் கிடக்கும் இடங்களில் அதைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. சுற்றுச்சுவரும் கட்டடமும் வரும் இடத்தில் காற்று சட்டென்று நின்று, சுவர் முடிந்ததும் மறுபடி பாய்கிறது.

ஆழமான முன் ரிம் பக்கக் காற்றைப் பாய்மரம் போலப் பிடிக்கிறது. பிடித்த விசை ஹேண்டில்பாரைத் திருப்பப் பார்க்கிறது. வடக்கு நோக்கிப் போகும்போது நாம் சாலையின் இடது ஓரத்தில், அதாவது மேற்குப் பக்கம் இருக்கிறோம்; காற்று நம்மை வலப்புறம், லாரிகள் இருக்கும் பக்கம் தள்ளுகிறது. தெற்கு நோக்கித் திரும்பி வரும்போது வேறு மாதிரி. காற்று வலப்புறமிருந்து வருகிறது. அதற்கு எதிராக உடம்பை லேசாக வலப்பக்கம் சாய்த்தபடி ஓட்டுகிறோம். அப்போது ஒரு டிரெய்லர் வலப்புறம் கடக்கிறது. அதன் முன்முகம் முதலில் நம்மை வெளியே தள்ளும். அடுத்த நொடி அதன் நீண்ட உடம்பு காற்றை மறைத்துவிடும். சாய்ந்திருந்த நாம் தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் அதன் பக்கமே போவோம், வண்டியின் ஓரத்தில் உண்டாகும் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். டிரெய்லர் போய் முடிந்ததும் மறைந்திருந்த காற்று மொத்தமாக வந்து மோதும். எல்லாம் மூன்று நான்கு விநாடிக்குள். 70 கிலோ ஆள் சமாளித்துவிடுவார். 50 கிலோ உடம்போடு 60 மி.மீ. முன் ரிம் போட்டவருக்கு அந்த மூன்று விநாடி மிக நீளம்.

ஆகவே என் பதில் இதுதான். இந்தச் சாலைக்கு முன்னால் 35 மி.மீ., பின்னால் 45 அல்லது 50. பின் சக்கரம் ஹேண்டில்பாரைத் திருப்புவதில்லை. அங்கே ஆழம் கூடினால் பெரிய தொல்லை கிடையாது. எடை குறைந்தவர்கள் இரண்டிலும் 35 போதும். பந்தய உலகமே ஆழத்துக்கு எல்லை வைத்துவிட்டது: கூட்டமாக ஓடும் சாலைப் பந்தயங்களில் 65 மி.மீ.க்கு மேற்பட்ட ரிம் கூடாது என்பது 2026 ஜனவரி முதல் சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதி. அவர்களுக்குப் பக்கத்தில் கன்டெய்னர் லாரி ஓடுவதுகூட இல்லை.

சக்கரம் வாங்கப் பணம் சேர்க்கிறீர்களா? அதற்கு முன் டயரைப் பாருங்கள். பஞ்சராகாது என்று நம்பிப் போட்ட தடித்த டயருக்கும் நல்ல பந்தய டயருக்கும் உருளும் எதிர்ப்பில் ஒரு டயருக்கு ஐந்து முதல் பத்து வாட் வரை வித்தியாசம் உண்டு. இரண்டு டயருக்கும் கணக்குப் போட்டால் 50 மி.மீ. கார்பன் ரிம் 40 கி.மீ. வேகத்தில் தருவது, டயரிலேயே, அதுவும் 30 கி.மீ. வேகத்திலேயே கிடைத்துவிடுகிறது. செலவு சில ஆயிரம் ரூபாய். 25 மி.மீ. டயரை விட்டு 28, 30, இடமிருந்தால் 32-க்கு மாறுங்கள். காற்றைக் குறைத்து ஓட்டுங்கள். சாலையின் அதிர்வு உடம்புக்கு வராமல் டயரிலேயே அடங்கும். டயருக்கும் காற்றுக்கும் செலவழித்த பிறகும் சக்கர ஆசை இருந்தால், அது நியாயமான ஆசை.

டயர் என்றதும் இந்தச் சாலையின் தனிச் சொத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாரி டயர் வெடித்துச் சிதறிய இடங்களில் ரப்பர் துண்டுகளை நெடுஞ்சாலைத் துறையினர் அள்ளிவிடுகிறார்கள். ரேடியல் டயருக்குள் இருந்த மெல்லிய எஃகுக் கம்பி இழைகள் ஓரத்து மண்ணோடு கிடக்கின்றன. தலைமுடி போல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டயரில் ஏறி, மெல்ல உள்ளே போய், அரை மணி நேரம் கழித்து டியூபைக் குத்தும். புது டியூப் மாற்றினாலும் கம்பி உள்ளேயே இருந்தால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று போகும். சேணப் பையில் ஒரு சாமணம் வைத்திருங்கள். விரலால் தேடாமல் பஞ்சையோ பழைய துணியையோ டயருக்குள் ஓட்டிப் பாருங்கள். கம்பி இழுத்துப் பிடிக்கும். இப்படிப்பட்ட சிறு துளைகளை டியூப்லெஸ் டயரில் ஊற்றும் சீலன்ட் ஓசையில்லாமல் அடைத்துவிடுகிறது என்பதால், இந்தச் சாலைக்கு டியூப்லெஸ் மிகப் பொருத்தம் என்பேன். ஆனால் நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்து தோலாகிவிடும். கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றிப் பார்த்து நிரப்புங்கள்.

குழுவில் ஓட்டும்போது இன்னொன்று. 50 மி.மீ. ரிம்முக்கு நீண்ட வால்வு உள்ள டியூப் வேண்டும். பக்கத்து நண்பரிடம் இருப்பது அலுமினிய ரிம்முக்கான குட்டை வால்வு என்றால் அவர் எவ்வளவு நல்ல மனசுக்காரராக இருந்தாலும் உங்களுக்கு உதவ முடியாது.

அடுத்தது ஹுக்லெஸ் விவகாரம். டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள ரிம்முக்குள் இருக்கும் கொக்கி வடிவத்தைச் சில நிறுவனங்கள் எடுத்துவிட்டன. அச்சில் வார்ப்பது எளிது, எடையும் செலவும் கொஞ்சம் குறையும். அதற்கு ஈடாக டயர் அளவிலும் காற்றழுத்தத்திலும் கண்டிப்பான எல்லை வருகிறது: 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றக் கூடாது. 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகச் சுற்றுப் பந்தயத்தில் பெல்ஜியம் வீரர் தாமஸ் டி கென்ட் நேர்ச்சாலையில் விழுந்தார். ஹுக்லெஸ் ரிம்மிலிருந்து டயர் கழன்று, உள்ளே இருந்த நுரைப்பட்டை சக்கரத்தில் சுற்றிக்கொண்ட படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒன்றில் மோதியதுதான் காரணம் என்று டயர் தரப்பு சொன்னது. அந்த ரிம்மின் உள்ளகலம் 25 மி.மீ.; டயர் 28. அந்த அகலத்துக்கு 29 மி.மீ.க்குக் குறைந்த டயர் கூடாது என்று டயர் தர நெறியில் மாறியிருந்த விஷயம் அதன் பிறகுதான் எல்லார் காதிலும் விழுந்தது. வீரர்கள் சங்கத்தின் தலைவர் ஆடம் ஹான்சென் ஹுக்லெஸ் ரிம்கள் பந்தயத்துக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒரு மில்லிமீட்டர் குறித்து நிபுணர்களுக்குள்ளேயே சச்சரவு வருகிற ஒரு பொருள் அது.

நம் பக்கம் நிலைமை என்ன? நூறு பிஎஸ்ஐ அடித்துப் பழகிய கை. எப்போது சரிபார்த்தது என்று யாருக்கும் தெரியாத கேஜ் உள்ள கால் பம்ப். காலிபரேஷன் ஸ்டிக்கர் இல்லாத கேஜை ஆலையில் நீங்கள் தொடமாட்டீர்கள். வீட்டில் அதை நம்பி 70 என்று அடிக்கிறீர்கள். அது 78 ஆகவும் இருக்கலாம். இதோடு வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விடிகாலை 25 டிகிரியில் 70 பிஎஸ்ஐ அடித்த டயர், பதினொரு மணி வெயிலில் கறுப்பு ரிம்மும் தாரும் சேர்ந்து 50 டிகிரிக்குச் சூடானால், உள்ளே அழுத்தம் 77-ஐத் தொடும். டீக்கடை வாசலில் வெயிலில் சாய்த்துவைத்த வண்டியிலேயே எல்லை தாண்டிவிடுகிறது. 70 கிலோ ஆளுக்கு 30 மி.மீ. டயரில் 60 பிஎஸ்ஐ அளவே போதும். ஆனால் எல்லாரும் அப்படிக் குறைத்து ஓட்டப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இங்கே கொக்கி உள்ள ரிம்மையே வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். சில கிராம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும். எந்த நிறுவனத்தின் டயரையும் போடலாம். அவசரத்துக்கு நண்பர் கொடுத்ததையும் போடலாம்.

கார்பன் உடையும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தெளிவாகிவிடும். பிசின் தோய்த்த கார்பன் இழைத்தாள்களை அச்சுக்குள் அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகவைத்துத்தான் ரிம் செய்கிறார்கள். இழை எந்தக் கோணத்தில் படுத்திருக்கிறதோ அந்தத் திசையில் அபாரமான வலு. அடுக்குகளுக்கு நடுவே பிசின் மட்டும்தான் பிடிப்பு. அலுமினிய ரிம் குழியில் இறங்கினால் நசுங்கும். சொட்டை கண்ணுக்குத் தெரியும், பிரேக்கை அவிழ்த்துவிட்டு வீடு வந்து சேரலாம். கார்பன் வளையாது. ஒன்று தாங்கிவிடும், இல்லாவிட்டால் பிளக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது: மேலே பூச்சில் கீறல்கூட இல்லாமல், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அதோடு இன்னும் நூறு கிலோமீட்டர் ஓடும், ஆயிரமும் ஓடும். எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

மேம்பாலத்தின் இணைப்பு இடுக்குகள், தார் பெயர்ந்த ஓரங்கள், மழைக்குப் பிறகு தண்ணீர் தேங்கி ஆழம் தெரியாத குழிகள், சாலையில் பதித்த ஒளிவிடும் குமிழ்கள். இவற்றில் ஒன்றில் பலமாக மோதி, ரிம்மில் ‘டங்’ என்று கேட்டால் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆட்டம் புதிதாக இருக்கிறதா பாருங்கள். மெல்லிய துணியால் ரிம் முழுக்கத் துடையுங்கள். பிரிந்த இழை இருந்தால் துணியைப் பிடிக்கும். ஒரு ரூபாய் நாணயத்தால் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். ஒரே மாதிரிக் கணீரென்று வந்த ஒலி ஓரிடத்தில் மந்தமானால் சந்தேகம் உறுதி. ஒலி சரியாக இருப்பதாலேயே ரிம் நலம் என்று முடிவு கட்டவும் முடியாது. டயரைக் கழற்றி, உள்பக்கத்தையும் ஸ்போக் துளைகளின் ஓரத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் மறுபடி ஏற வேண்டும்.

பழைய ரிம் பிரேக் வண்டிக்குக் கார்பன் போடலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதால் ஆசை வருகிறது. வேண்டாம். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், சூடு முழுக்க ரிம்மில் இறங்குகிறது. பிசின் இளகும் வெப்பத்தைத் தொட்டுவிட்டால் ரிம்மின் சுவர் உப்பும், பிறகு பிரியும். மழையில் கார்பன் ரிம்மைப் பிரேக் கட்டை பிடிப்பதற்கு முன் வண்டி வெகுதூரம் போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் இங்கே எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க் பிரேக் வண்டிதான் கார்பன் ரிம்முக்கு ஏற்றது. பிரேக்கின் சூடு ரிம்முக்கே வருவதில்லை.

ஸ்போக்கை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். தலைப்பகுதி வளைந்த சாதாரண ஸ்போக் உள்ள சக்கரத்தை வாங்குங்கள். ஒன்று அறுந்தால் சென்னையில் தேடிப் பிடித்துவிடலாம், அளவுக்கு வெட்டி மரை போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த நிறுவனத்துக்கென்றே செய்த ஸ்போக் என்றால் ஒரே ஒரு கம்பிக்காக வாரக்கணக்கில் வண்டி சுவரில் தொங்கும். நிப்பிள் பித்தளையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கார்பனும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு நடந்து அலுமினியம் பொடியாகும். உங்களில் பாதிப்பேர் ஒரு வாரம் ஒரகடம், மறுவாரம் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று ஓட்டுபவர்கள். கடல் காற்றும் வியர்வையும் போதும். இரண்டு வருடத்தில் அலுமினிய நிப்பிளின் தலை ஒவ்வொன்றாகத் தெறிக்கத் தொடங்கும். நிப்பிள் ரிம்முக்குள் மறைந்திருக்கும் வடிவம் காற்றுக்கு நல்லதுதான், ஆனால் கோட்டம் எடுக்க ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்ற வேண்டும். அது நமக்கு வேண்டாம்.

சீனத் தயாரிப்பை வாங்கலாமா என்ற கேள்விக்கு என்னிடம் தயக்கம் கிடையாது. ஷியாமென் நகரைச் சுற்றி நல்ல கார்பன் ரிம் செய்யும் ஆலைகள் இருக்கின்றன; பெயர் பெற்ற நிறுவனங்கள் பலவற்றுக்கும் ஆசியாவில்தான் ரிம் தயாராகிறது. நாட்டை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது என்பதை இந்தத் தொழிற்பட்டையில் இருப்பவர்களைவிட வேறு யார் நன்றாக உணர்வார்கள்? உங்கள் ஆலைக்கு ஒரு சரக்கு வந்தால் எதைக் கேட்பீர்களோ அதையே கேளுங்கள். ரிம்மில் வரிசை எண் இருக்கிறதா? சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 சோதனை, சர்வதேச சைக்கிள் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியல், இவற்றில் அந்த மாடல் தேறியிருக்கிறதா? ஆள் எடைக்கு எல்லை எவ்வளவு? ஒவ்வொரு ஸ்போக்கின் இழுவிசையையும் அளந்து தாள் தருகிறார்களா? உடைந்தால் யார் மாற்றித் தருவார்கள், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, இரண்டாம் முறை சுங்கம் கட்ட வேண்டுமா? பெரிய நிறுவனத்தின் பெயரை ஒட்டி, அதன் விலையில் கால் பங்குக்கு விற்கும் சக்கரத்தைப் பற்றி மட்டும் பேச்சே வேண்டாம். எங்கே, எந்தச் சூட்டில், யார் செய்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லாத பாகத்தை நீங்கள் லைனுக்குள் விடுவீர்களா?

சக்கரம் வந்ததும் பார்சலை வீடியோ எடுத்தபடி பிரியுங்கள். எடை போடுங்கள். டென்ஷன் மீட்டரால் எல்லா ஸ்போக்கையும் அளந்து எழுதிவையுங்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் சென்டர்லாக் வளையத்தை டார்க் ரெஞ்ச் வைத்து 40 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி அளந்து பாருங்கள். புது ஸ்போக்குகள் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

இப்போது, வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடமே ஆன தம்பி தங்கைகளிடம் தனியாகப் பேச வேண்டும். பயிற்சிக் காலச் சம்பளத்தில் தவணை போட்டுக் கார்பன் சக்கரம் வாங்கியவர்களை நான் பார்க்கிறேன். கேட்டால், அது இல்லாமல் வேகக் குழுவில் சேர்த்துக்கொள்வதில்லை என்கிறார்கள். இது பெரியவர்களின் தவறு. ஓட்டத்தில் பின்தங்குகிறவரின் சக்கரத்தைப் பார்த்து ‘மாத்துப்பா’ என்று சொல்வது எளிது. காற்று எந்தப் பக்கம் வருகிறது, யார் பின்னால் எவ்வளவு நெருக்கமாக ஒட்ட வேண்டும், எப்போது முன்னால் வந்து எப்போது விலக வேண்டும் என்று பக்கத்தில் ஓட்டிச் சொல்லிக்கொடுப்பதுதான் உழைப்பு. அலுமினியச் சக்கரம், நல்ல டயர், ஒரு வருடம் ஒழுங்கான பயிற்சி. இதற்குப் பிறகும் உங்களை விட்டுவிட்டுப் போகும் குழு எது என்று எனக்குச் சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன். ஹெல்மெட்டும், முன்னும் பின்னும் நல்ல விளக்கும், காப்பீடும் வாங்காத கையால் கார்பன் சக்கரம் வாங்காதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை இந்தச் சாலை நம்முடையது அல்ல. ஷிப்ட் மாறும் நேரம் அது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க இடமிருக்கிறது. அவர்களையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்புகின்றன. இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் விளக்கில்லாத பழைய சைக்கிளில் எதிர்ப்புறமாகவே ஓரத்தில் வருகிறார்கள். நாம் நாற்பதில் போகும்போது, எதிரே வருபவர் பத்தில் வந்தாலும் இருவரும் நெருங்கும் வேகம் ஐம்பது. தலையைத் தாழ்த்தி, முன்னால் போகிறவரின் டயரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவுக்கு அவர் தெரியவே மாட்டார். அந்த ஒரு மணி நேரமும் ஒரகடம் சந்திப்பிலும் வடகால் திருப்பத்திலும் ஒற்றை வரிசை, முப்பதுக்குள் வேகம் என்று ஒவ்வொரு குழுவும் விதி வைக்க வேண்டும். வேகம் வேண்டுமானால் ஏழு மணிக்கு மேல் வாலாஜாபாத் பக்கம் இருக்கிறது.

கடைசியாக ஒரு ஏற்பாடு. நல்ல டென்ஷன் மீட்டர், காலிபரேஷன் செய்த டிஜிட்டல் கேஜ், டார்க் ரெஞ்ச் மூன்றையும் ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. மூன்று நான்கு குழுக்கள் சேர்ந்து ஒரு செட் வாங்கிவிடலாம். என் பங்கைத் தருகிறேன். கேஜை வருடம் ஒருமுறை சரிபார்க்கச் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். படப்பையில் என் வீட்டு முன்னறையில் வீல் ஸ்டாண்டு இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, ஓட்டம் முடிந்து பத்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வரலாம். கார்பன், அலுமினியம், இரும்பு எதுவானாலும் சரி. ஆலைக்குப் போகும் தொழிலாளியின் சைக்கிளாக இருந்தால் அதற்குத்தான் முதல் இடம். ஒரு பதிவேடு தொடங்கிவைக்கிறேன். வரும்போது இவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்: ரிம்மின் வரிசை எண், வாங்கிய மாதம், உள்ளகலம், கொக்கி உண்டா இல்லையா, போட்டிருக்கும் டயரின் அளவு, கடைசியாகப் பலமாக மோதிய தேதியும் இடமும்.

அன்புடன்,
படப்பையிலிருந்து
உங்களோடு ஓட்டும் ஒருவன்